யார் கேட்கிறது என்று கேட்டவர்

அவசரமாக ஒரு போன் போடுகிறீர்கள். எடுத்ததும் "நான்தான்" என்கிறீர்கள். அந்தப் பக்கம் இருக்கிற ஆளுக்கு உங்கள் குரல் வருஷக்கணக்கில் பழக்கம். நேற்றுகூடப் பேசியிருக்கிறீர்கள். இருந்தும் அந்த ஆள் நிதானமாக, "எந்த நான்?" என்று கேட்டால் உங்களுக்குக் கோபம் வருமா, வராதா?

எங்கள் தோட்டத்தில் எல்லாருக்கும் வந்தது. ஆபீசின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணிக்கு வந்தது, ஃபேக்டரி போர்மனுக்கு வந்தது. வெள்ளைக்கார துரைக்கு வந்த கோபத்தில் பங்களா போன் கீழே விழுந்து உடைந்தே போனது. எக்ஸ்சேஞ்ச் அக்கா மட்டும் கடைசிவரை கேட்பதை நிறுத்தவில்லை.

அவருடைய பேர் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். அவரைக் கேட்காமல் அவர் பேரை அச்சில் போட்டேன் என்று தெரிந்தால், எந்த ஊரில் இருந்தாலும் பஸ் ஏறி வந்து என் சட்டையைப் பிடிப்பார். பிடிக்கிற ஆள்தான்.

ரிங்லெட் என்கிற மலையூருக்கு மேலே இருக்கிறது எங்கள் தேயிலைத் தோட்டம். எழுபதுகளில் தோட்டத்து ஆபீசின் ஒரு மூலையில் போன் எக்ஸ்சேஞ்ச் இருந்தது. ஒரு மர அலமாரி மாதிரி, முழுக்க ஓட்டைகள். ஓட்டைக்கு மேலே சின்னச் சின்ன விளக்கு. ஃபேக்டரிக்கு ஒரு ஓட்டை, பங்களாவுக்கு ஒன்று, கிளினிக்குக்கு ஒன்று, தோட்டத்தைப் பிரித்து வைத்திருந்த ஒவ்வொரு டிவிஷனுக்கும் ஒவ்வொன்று. யார் யாரோடு பேச வேண்டுமானாலும் அக்காதான் ஒயரை எடுத்துச் சொருக வேண்டும். அவர் சொருகாவிட்டால் மலையில் ஒருத்தரும் ஒருத்தரோடும் பேச முடியாது. அந்த அதிகாரம் அவருக்கு நன்றாகவே தெரியும்.

குளிருக்கு ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர். மேஜையில் ஒரு டின் குவாச்சி, அதுதான் அந்தத் தர்பூசணி விதை. பல்லில் வைத்து 'டக்'கென்று உடைத்து, தோலைப் பக்கத்திலிருக்கும் பழைய பால் டின்னில் துப்புவார். நாம் போனில் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு 'டக்' கேட்டால் அக்காவும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். புண்ணியவதி என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. எல்லாம் கேட்பார். ஆனால் கேட்டதை வெளியே விட மாட்டார். அதுவும் அழுத்தமாக.

என் அம்மா பவளம், தோட்டத்து மாதர் சங்கத் தலைவி. கோயில் திருவிழாவில் பொங்கல் பானை பக்கத்தில் அக்காவும் அவரும் நிற்கும்போது அம்மா மெதுவாக ஆரம்பித்தார்.

"ஏண்டி, பெரிய கிராணி மகளுக்கு ஈப்போலேர்ந்து போன் வருதாமே?"

"யாரு கேக்குறது?"

"கண்ணு தெரியலியா? நான்தாண்டி, பவளம்!"

"பவளமா கேக்குறியா, சங்கத் தலைவியா கேக்குறியா?"

"ரெண்டும் நான்தாண்டி!"

"பவளம்னா ஒனக்கு எதுக்கு அந்தப் பேச்சு? தலைவின்னா, போய் கூட்டம் போட்டுக் கேளு லா."

அம்மா அன்றைக்கு அவருக்குச் சுண்டல் கொடுக்கவில்லை. அக்கா தானே கையை விட்டு அள்ளித் தின்றுகொண்டு போய்விட்டார்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அம்மா சொன்னதுதான் நம்பும்படியாக இருக்கிறது. ஃபேக்டரியில் ஒரு உதவிப் போர்மன் இருந்தாராம். துரை மாதிரியே பேசுவாராம், மூக்கால் இழுத்து, நடுவில் ஒரு இருமல் போட்டு. ஒரு சாயங்காலம் எக்ஸ்சேஞ்சுக்குப் போன் போட்டு, "நான்தான். லோரியை ஃபேக்டரிக்கு அனுப்பு, அர்ஜண்டு" என்றார். துரை அடிக்கடி ஃபேக்டரியிலிருந்து பேசுவது வழக்கம். அக்கா நம்பி லோரி கொட்டகைக்கு லைன் கொடுத்தார். லோரி வந்தது. போர்மனும் கூட்டாளிகளும் ஏறி பக்கத்து டவுன் தானா ராத்தாவுக்குப் போய்ப் படம் பார்த்து, மீ கோரேங் என்கிற வறுத்த நூடுல்ஸ் தின்று, பாட்டுப் பாடிக்கொண்டு திரும்பி வந்தார்கள். பறித்த கொழுந்து மூட்டையெல்லாம் லோரி இல்லாமல் மழையில் நின்று கருத்துப்போனது. விசாரணையில் திட்டு முழுக்க அக்காவுக்கு.

அடுத்த வாரம் நிஜமான துரை போன் செய்தார்.

"நான்தான்."

"எந்த நான், சார்?"

துரை கத்தினார். அக்கா ஒயரைப் பிடுங்கினார். மறுபடி அடித்தார், மறுபடி கேட்டார், மறுபடி பிடுங்கினார். பங்களா போன் உடைந்தது அப்போதுதான். துரை மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு நடந்தே ஆபீசுக்கு வந்து நின்றார். அக்கா எழுந்து நின்று குட் ஈவினிங் சொன்னார்.

"சார், உங்க கொரலு போன வாரம் தானா ராத்தாவுக்குப் படம் பாக்கப் போச்சு. அதான் கேக்குறேன்."

துரை சிரித்துவிட்டாராம். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் தன் முழுப் பேரையும் சொல்லிவிட்டுத்தான் பேசுவாராம். இந்தக் கதையை எங்கள் தோட்டத்தில் எல்லாரும் பெருமையாகச் சொல்வார்கள்.

சொல்லாத கதை ஒன்று இருக்கிறது.

மேல் டிவிஷனில் ஒரு தகப்பன். அவருடைய சின்னப் பையன் மேல் கொதிக்கிற தண்ணீர் கொட்டிவிட்டது. ஓடிவந்து டிவிஷன் போனை எடுத்து, "லோரி அனுப்புங்க, புள்ள, புள்ள" என்று அழுதார். அக்கா, "யாரு பேசுறது?" என்றார். அவர் அழுதார். "பேரைச் சொல்லுங்க, யாரு?" என்று மறுபடி கேட்டார். அவர் போனை அப்படியே தொங்க விட்டுவிட்டு, பையனைத் தூக்கிக்கொண்டு மலைப்பாதையில் ஓடினார். அக்கா பிறகு லோரியை அனுப்பினார், அது பாதி வழியில் அவரைப் பிடித்தது. பையன் பிழைத்தான். என் வகுப்புதான் அவன். இடது கை முழுக்கத் தோல் சுருங்கி இருக்கும். அந்தத் தகப்பன் அதற்குப் பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்ததே இல்லை.

"எந்த ஓட்டையில வெளக்கு எரியுதோ, அதான் டிவிஷன். ஒனக்குத் தெரியும்ல? அப்புறம் எதுக்குடி பேரு?" என்று அம்மா சண்டைக்குப் போனார்.

"வெளக்கு எடத்தத்தான் காட்டும். ஆளைக் காட்டாது."

"புள்ள வெந்து கெடக்கு, ஆளு எதுக்குடி ஒனக்கு?"

அக்கா திரும்பி அடுத்த ஒயரைச் சொருகினார். மன்னிப்பும் கேட்கவில்லை. நான் இதை இரண்டு பக்கமும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். எனக்கு இன்னும் அவர் மேல் அதில் கோபம்தான்.

எண்பதுகளில் தானாக இயங்கும் எக்ஸ்சேஞ்ச் வந்துவிட்டது. மர அலமாரியை உடைத்து ஃபேக்டரி அடுப்பில் போட்டார்கள். அதே சமயம் ஆபீசுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. வெள்ளைக்காரர் போய், மேனேஜராக நம் ஊர் ஆளே வந்திருந்தார். தோட்டத்து ஜனங்களுக்கு அவரும் துரைதான். "இந்த அம்மாவுக்கு டைப்பிங் தெரியும், அதுல உக்கார வைங்க" என்றார். நான் கோலாலம்பூரில் கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்துவிட்டு, தலைநிறைய முடியும் வாய்நிறையப் பேச்சுமாக அதே அறையில் வேலைக்குச் சேர்ந்தேன். அக்கா தகவல்களை ஏற்றுவார், நான் ரிப்போர்ட் எழுதுவேன். அதாவது மெஷினுக்குள் குவிந்து கிடப்பதை, கேட்கிறவருக்குப் புரிகிற மாதிரி வரிசையாகத் திரையில் எடுத்துக் காட்டும் புரோகிராம்.

சேர்ந்த முதல் நாளே எனக்கு ஒரு பாஸ்வேர்டு கொடுத்தார்.

"இது ஒனக்கு. இது எனக்கு. பெரிய கிராணிக்கு வேற. ஒன் பேர்ல நீ வா, என் பேர்ல நான் வர்றேன். மாத்திப் போட்டே, கையை ஒடிச்சிருவேன்."

"அக்கா, ஒரே ரூம்ல ரெண்டே பேரு. எதுக்குக்கா இவ்ளோ பில்டப்பு?"

"ரெண்டு பேரு இருக்குற எடத்துலதான் தம்பி, நீயா நானான்னு சண்டை வரும்."

அந்த மெஷினில் என்ன இருந்தது? யார் எவ்வளவு கொழுந்து பறித்தார்கள் என்பது இருந்தது. யார் என்றைக்கு வேலைக்கு வரவில்லை என்பது இருந்தது. ஏன் வரவில்லை என்பதும் இருந்தது. கிளினிக்கில் மருந்து கொடுக்கிற டிரெஸ்ஸர் எழுதிக் கொடுப்பதை அக்கா அப்படியே ஏற்றுவார்: காய்ச்சல், பிரசவம், காலில் வெட்டுக்காயம், ஆஸ்பத்திரியில் படுக்கை, எந்த நோய்க்கு. பழைய வருஷங்களையும் உட்கார்ந்து ஏற்றி முடித்திருந்தார்.

பிறகுதான் போர்டு வந்தது.

கோலாலம்பூர் ஹெட் ஆபீசில் ஒரு பெரிய மெஷின். அதற்குள் ஒரு பொது இடம், சுவரில் மாட்டுகிற நோட்டீஸ் போர்டு மாதிரி. கம்பெனிக்குச் சொந்தமான எல்லாத் தோட்டங்களின் ஆபீசிலிருந்தும், கிள்ளான் கிடங்கிலிருந்தும், யார் வேண்டுமானாலும் தங்கள் திரையில் அந்தப் போர்டைத் திறந்து படிக்கலாம், எழுதலாம், ஒருத்தருக்கொருத்தர் வேலை விஷயம் பேசிக்கொள்ளலாம். எங்கள் ரிப்போர்ட்டுகளையும் அந்தப் போர்டில் தெரிய வைக்க வேண்டும் என்று உத்தரவு. அதற்காக சிவா என்று ஒருத்தன் கழுத்தில் டையும் கையில் மோடமுமாக மலையேறி வந்தான். எனக்கு உடனே பிடித்துப் போனது. மலையில் கம்ப்யூட்டர் பேச்சுப் பேச வேறு ஆளே இல்லை.

விஷயம் இப்படி. போர்டில் யாராவது எங்கள் ரிப்போர்ட்டைத் தொட்டால், கோலாலம்பூர் மெஷின் போன் லைனில் எங்கள் மெஷினைக் கூப்பிடும். மோடம் 'கீ'யென்று கத்தும். எங்கள் மெஷின் யார் என்று கேட்கும். அது பேரும் பாஸ்வேர்டும் சொன்னால், ரிப்போர்ட் இங்கிருந்து அங்கே போகும். அழகான வேலை. முதல் தடவை ஓடியபோது நானும் சிவாவும் கைதட்டினோம்.

அக்கா திரையைக் குனிந்து பார்த்தார்.

"என்ன பேரு சொல்லுது?"

"போர்டு" என்றான் சிவா.

"போர்டுன்னா யாரு?"

"போர்டுதான்கா. கோலாலம்பூர் மெஷினுக்கு அதான் பேரு."

"மெஷினு பேரை யாரு கேட்டா? அங்க ரிப்போர்ட்டத் தொட்ட ஆளு யாரு?"

"அத அங்கயே செக் பண்ணிருவோம்கா. கம்பெனி ஆளா இல்லியான்னு பாத்துத்தான் உள்ள விடுறோம். ஒவ்வொருத்தருக்கும் தனிப் பேரு, தனி பாஸ்வேர்டு."

"அப்ப அந்தப் பேரை இங்க சொல்லச் சொல்லுங்க."

சிவா என்னைப் பார்த்தான். "அது முடியாதுக்கா. யாரு கேட்டாலும் இந்த லைன்ல போர்டுங்கிற ஒரே பேர்லதான் வரும். இந்த மாடல் அவ்வளவுதான் செய்யும்."

"அதாவது, வாசல்ல எல்லாம் தனித்தனி ஆளு. என் முன்னாடி வந்து நிக்கிறப்ப எல்லாருக்கும் ஒரே மூஞ்சி."

"அப்படியும் சொல்லலாம்கா."

"அப்ப நான் எப்படித் தம்பி குடுக்குறது?"

"நீங்க குடுக்க வேணாம்கா, மெஷின் குடுக்கும்."

சிவா கெட்டவன் இல்லை. மோடத்தைக் கொடுத்து அனுப்பினார்கள், மாட்டினான். நோய்க் காரணம் இருக்கிற இடத்தையாவது ரிப்போர்ட்டிலிருந்து எடுத்துவிடலாமே என்று நான் மேனேஜரிடம் கேட்டேன். "ஹெட் ஆபீஸ் கேக்குறதே அதத்தான். தோட்டத்துல ஏன் ஆள் வரலன்னு அவங்க தெரிஞ்சுக்கணும்" என்றார். அதோடு முடிந்தது.

அக்கா முடிக்கவில்லை. மோடம் கத்தும் ஒவ்வொரு தடவையும் போனை எடுத்து கோலாலம்பூருக்கு டிரங்க் கால் போட்டார். "இப்ப என் மெஷினைக் கூப்ட்டது யாரு?" அங்கே போன் எடுக்கிற மலாய்க்காரப் பெண் பாவம், "தாக் தாஹு லா காக்காக், எனக்குத் தெரியாது" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னாள். பிறகு அந்தப் பெண் அழுதுவிட்டாளாம். ஹெட் ஆபீஸ் மேனேஜரைக் கூப்பிட்டுக் கத்தியது. மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டுக் கத்தினார். டிரங்க் கால் நின்றது. நானும் சிரித்தேன், பெரிய கிராணியும் சிரித்தார். அக்கா குவாச்சி டின்னைத் திறந்து வைத்துக்கொண்டு தின்னாமல் உட்கார்ந்திருந்தார்.

ஃபேக்டரியில் தேயிலையைத் தரம் பிரிக்கும் அறையில் ஜெயா வேலை செய்தாள். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு வகுப்பு கீழே. பதினேழு, பதினெட்டு வயதில், வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுக்கு டீபி வந்து, ஈப்போ ஆஸ்பத்திரியில் மாசக்கணக்கில் படுத்திருந்து, மாத்திரை தின்று முடித்து, சுத்தமாகக் குணமாகித் திரும்பி வந்தவள். அது நடந்து சில வருஷமாகிவிட்டது. வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது. ஈப்போவில் அத்தை வீட்டில் தையல் படிக்கிறாள் என்று அவள் அம்மா சொல்லிவைத்திருந்தார். மெஷினில் மட்டும் இருந்தது.

அவளுக்கு ஒரு வரன் வந்தது. மலையடிவாரத்துத் தாப்பாவுக்கு அந்தப் பக்கம் எங்கள் கம்பெனியின் செம்பனைத் தோட்டம், அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டம், ஒன்று இருக்கிறது. அங்கே லோரி ஓட்டுகிற பையன். வந்தார்கள், பார்த்தார்கள், கோப்பி குடித்தார்கள், பெண் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டே போனார்கள். தேதி பார்க்கலாம் என்று இருக்கும்போது பேச்சு நின்றது. பிறகு தரகர் ஒருத்தர் தலையைச் சொறிந்துகொண்டு வந்து சொன்னார்: "பொண்ணுக்கு நெஞ்சுல சீக்காமே. மறைச்சிட்டீங்கன்னு கோவப்படுறாங்க." யார் சொன்னது என்று கேட்டதற்கு, "பையனோட தாய்மாமா அங்க ஆபீஸ்ல கிராணியா இருக்காரு. அவருக்கு எல்லாம் தெரியுது" என்றார்.

ஜெயாவின் அம்மா நேராக எங்கள் அறைக்கு வந்தார். அழவில்லை. வாசலில் நின்று அக்காவை மட்டும் பார்த்தார்.

"போன்ல எங்க பேச்செல்லாம் ஒட்டுக்கேட்டியே, அப்பகூட நான் ஒன்னைத் தப்பா சொன்னதில்ல. இப்ப என் மகளைக் கொண்டுபோய் வித்துட்டியேடி."

"நான் சொல்லல, அண்ணி."

"இந்த மெஷின்ல எழுதுனது நீதானே?"

"நான்தான்."

"அப்புறம்?"

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். "தம்பி, தரம் பிரிக்கிற ரூம் ரிப்போர்ட்ட யாரு யாரு எடுத்தான்னு மெஷின் சொல்லும்ல? பாரு."

பார்த்தேன். அந்த மாதம் பல பேர் எடுத்திருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே பேர். போர்டு, போர்டு, போர்டு.

ஜெயாவின் அம்மாவுக்கு அது என்ன புரிந்ததோ, திரையைப் பார்த்துவிட்டு, "நல்லாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலத்துக்குள் அக்காதான் காட்டிக்கொடுத்தார் என்று தோட்டம் முழுக்கப் பேச்சு. என் அம்மாவும் பேசினார். கை வெந்த பையனின் தகப்பன் கடையில் நின்றுகொண்டு, "அப்பவே தெரியும்" என்றாராம்.

சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டு அக்கா பஸ் ஏறினார். கூடவே ஜெயா. அக்கா கூப்பிடவில்லை, அவளேதான் வருகிறேன் என்று கிளம்பினாளாம். அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு போனார். "அந்தாளு மெஷின் பாஷையில எதுனா சொன்னா பதில் சொல்ல ஒரு ஆளு வேணும்" என்றார். தாப்பா வரைக்கும் வளைவு வளைவாக இறங்கும் வழியில் ஜெயா மடியில் ஒரு பெரிய காக்கி உறையை வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். இறங்க இறங்கச் சூடு ஏறி, அக்கா ஒவ்வொரு ஸ்வெட்டராகக் கழற்றினார்.

செம்பனைத் தோட்டத்து ஆபீசில் தாய்மாமா இருந்தார். வழுக்கை, பட்டையான கண்ணாடி, மரியாதையான ஆள். எங்களை உட்காரச் சொன்னார். அக்கா உட்காரவில்லை.

"எங்க மெஷின்ல இந்தப் பொண்ணு ரிப்போர்ட்ட எடுத்தது யாரு?"

அவர் மறைக்கவே இல்லை. "நான்தான்மா."

"கிராணியா எடுத்தீங்களா, தாய்மாமனா எடுத்தீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "தாய்மாமனாத்தான். என் தங்கச்சிக்கு ஒரே புள்ள. அவ புருஷன் இல்லாம வளத்தவ. நான் விசாரிக்காம வேற யாரு விசாரிப்பா? நீங்க என் எடத்துல இருந்தா விசாரிக்க மாட்டீங்களா?"

"விசாரிப்பேன். அவ வீட்டுல போயி, அவ மூஞ்சியப் பாத்து விசாரிப்பேன்."

"கேட்டா சொல்லியிருப்பீங்களா?"

அந்தக் கேள்வி நியாயமானது. அக்காவுக்கும் அது தெரிந்தது. ஜெயாதான் எழுந்தாள். உறையிலிருந்து எக்ஸ்ரே படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"நீங்க கேக்கலியே, சொல்றதுக்கு. ஆமா, படுத்தேன். நல்லாயிட்டேன். இதான் என் நெஞ்சு, பாத்துக்குங்க. பாத்தாச்சா? இப்ப உங்க புள்ள படத்தக் காட்டுங்க, நான் பாக்குறேன்."

அறையில் இருந்த மற்ற கிராணிகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். தாய்மாமா படத்தைப் பார்த்தார், ஜெயாவைப் பார்த்தார், கதவுப் பக்கம் பார்த்தார். கதவுப் பக்கம் அந்தப் பையன் நின்றுகொண்டிருந்தான், கையில் லோரிச் சாவி. எப்போது வந்தான் என்று தெரியாது. எல்லாரும் அவனைப் பார்த்தோம். அவன் சாவியைப் பார்த்தான்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜெயா சொன்னாள்: "அந்த மாமாகூடப் பரவால்லக்கா. பேசுனாரு. இவன் ஒரு வார்த்த பேசல பாருங்க. வேணாம்." பிறகு தூங்கிவிட்டாள். அக்கா ஒரு ஸ்வெட்டரை எடுத்து அவள் மேல் போர்த்தினார்.

திங்கட்கிழமை காலை பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கிற நேரத்துக்கு, எல்லாரும் கூடைகளோடு ஆபீஸ் முன்னால் நிற்கும்போது அக்கா படியில் ஏறி நின்றார். எக்ஸ்சேஞ்ச் குரல். மைக் தேவைப்படவில்லை.

"எல்லாரும் கேட்டுக்குங்க. உங்க லீவு, உங்க சீக்கு, உங்க பிரசவம், எல்லாம் உள்ள மெஷின்ல இருக்கு. நான்தான் ஏத்துனேன். கம்பெனியில எந்த ஆபீஸ்ல உக்காந்திருக்கிறவனும் அத எடுத்துப் பாக்கலாம். பாத்தது யாருன்னு எனக்குத் தெரியாது. இன்னிக்கும் தெரியாது, நாளைக்கும் தெரியாது. அதச் சொல்லாம இருந்தா நான்தான் காட்டிக்குடுத்தவ. அதான் சொல்லிட்டேன்."

கங்காணி ஒருவர், "எங்க சீக்குமா?" என்று கேட்டார். "உங்க மூலமும்தான் அண்ணே" என்றார் அக்கா. அத்தனை பேரும் சிரித்தார்கள். ஜெயாவின் அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக மலை ஏறினார். அக்காவைப் பார்த்துத் தலையை ஆட்டினார் என்று அம்மா சொல்கிறார். நான் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். தோட்டத்துக் கிளினிக்குக்கு ஆள் வருவது குறைந்தது. காய்ச்சல் என்றால் தானா ராத்தாவுக்குப் போய்ச் சொந்தச் செலவில் டாக்டரைப் பார்த்துவிட்டு, ஆபீசில் "சொந்த வேலை" என்று சொன்னார்கள். மெஷினில் நோய் இருந்த இடமெல்லாம் காலியானது. ஹெட் ஆபீசிலிருந்து போர்டில் ஒரு பாராட்டு வந்தது: தொழிலாளர் சுகாதாரத்தில் எங்கள் தோட்டம் மற்ற தோட்டங்களுக்கு ஒரு முன்மாதிரி. மேனேஜர் அதை அச்செடுத்து ஆபீஸ் சுவரில் ஒட்டினார்.

அக்காவை அதற்கு முன்பே ஃபேக்டரி ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். சாக்கு எண்ணுகிற வேலை. கொஞ்ச நாள் இருந்து பார்த்துவிட்டு, ஒரு நாள் பெட்டியை எடுத்துக்கொண்டு மலை இறங்கிவிட்டார். தாப்பாவில் ஒரு டாக்சி கொட்டகையில் போன் எடுக்கிறார் என்று ஒருத்தர் சொன்னார். மஞ்சோங் பக்கம் தன் அக்காவுடைய மகன் வீட்டில் இருக்கிறார் என்று இன்னொருத்தர் சொன்னார். இரண்டையும் நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் அவருக்குப் பிடிக்காது.

அவருடைய நாற்காலியில் இப்போது நான். நோய்க் காரணத்தை எடுக்கச் சொல்லி புது மேனேஜருக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. ஜெயா அதே அறையில்தான் தேயிலை பிரிக்கிறாள். அவளுக்குப் புதிதாக ஒரு வரன் பேசுகிறார்கள், பையன் கம்பெனியின் கிள்ளான் கிடங்கில் வேலை. இந்தத் தடவை ஜெயாவே முதல் நாள் எல்லாவற்றையும் அவனிடம் சொல்லிவிட்டாள். அவன் பரவாயில்லை என்று சொன்னானாம். வீட்டில் பேசிவிட்டுச் சொல்வதாகவும் சொன்னானாம்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இதை டைப் அடித்துக்கொண்டிருக்கிறேன். மோடம் கத்துகிறது. திரையில் வந்திருக்கும் பேர் போர்டு. கேட்டிருப்பது தரம் பிரிக்கும் அறையின் ரிப்போர்ட்.